ரயில் ஜன்னலில் தெரியும் ஜப்பான்

2016 ஜனவரியில் ஒரு செய்தி உலகத்தைச் சுற்றி வந்தது. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் பனி மூடிய ஒரு சின்ன ரயில் நிலையம். பள்ளிக்குப் போகும் ஒரே ஒரு மாணவிக்காக, அவள் படிப்பு முடியும் வரை அந்த நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறது ரயில் நிறுவனம். சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் வந்த அந்தக் குறிப்பு, சில நாட்களில் ஆங்கில ஊடகங்களுக்குப் போனது. பிறகு தமிழிலும் வாட்ஸ்அப் வழியாக வீடு வீடாக வந்து சேர்ந்தது.

அந்த மாணவி உண்மை. நிலையமும் உண்மை, அதன் பெயர் கியூ-ஷிராத்தாக்கி. முதலில் பரவிய குறிப்பில் அதே பாதையில் இருந்த வேறொரு நிலையத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். 2016 மார்ச் 26 அன்று அது மூடப்பட்டதும் உண்மை. ஆனால் அன்று அதே வட்டாரத்தில் இன்னும் இரண்டு சிறு நிலையங்களும் சேர்ந்தே மூடப்பட்டன, ஏனென்றால் அன்றுதான் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் ரயில் அட்டவணை பெரும்பாலும் மார்ச்சில் மாறும், பள்ளி ஆண்டும் மார்ச்சில்தான் முடியும். அந்த ரயிலில் அவள் ஒருத்தி மட்டும் போகவும் இல்லை. வேறு நிலையங்களில் ஏறிய மாணவர்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அதே ரயில் நிறுவனம், தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, அதாவது சுமார் 1,200 கிலோமீட்டரை, இனித் தன்னால் தனியாகப் பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. ஹொக்கைடோவின் சிற்றூர்களில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ரயிலில் ஏற ஆள் இல்லை. அந்த மாணவியின் கதை உண்மையில் இந்தப் பெரிய கதையின் ஒரு துணுக்கு. துணுக்கு நம்மிடம் வந்தது, கதை வரவில்லை.

ஜப்பானைப் பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. இதைச் சொன்னால் உடனே "எல்லாம் பொய்ச் செய்தி" என்கிறார்கள் சிலர். அதுவும் தவறு. பொய் குறைவு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது எந்த இடம் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ரயில் ஜன்னலும் வீட்டு வாசலும்

ரயிலில் போகும்போது கவனித்திருப்பீர்கள். தண்டவாளத்தை நோக்கி எந்த வீட்டின் வாசலும் இருக்காது. கொல்லைப்புறம், துணி காயும் கொடி, உடைந்த சுற்றுச்சுவர், குப்பைமேடு இவைதான் தெரியும். வாழ்நாள் முழுவதும் ரயிலில் மட்டும் போய்வந்த ஒருவர், "இந்த ஊரில் வீடுகளுக்கு வாசலே கிடையாது" என்று சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

செய்தியும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. தகவல் சரியாக இருக்கும், அதைப் பார்த்த இடம் மறைந்திருக்கும். ஊடக ஆய்வில் இந்தப் பார்வை இடத்துக்கு ஒரு பெயர் உண்டு.

சட்டகம் என்பது என்ன

ஒரு நிகழ்ச்சியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதைக் காரணமாகக் காட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடும் கதை வடிவம்தான் சட்டகம். புகைப்படத்துக்குப் போடும் சட்டம் போன்றது. படத்தில் பொய் இருக்காது, சட்டத்துக்கு வெளியே இருப்பது தெரியாது.

எல்லா நாட்டுச் செய்திகளுக்கும் சட்டகம் உண்டு, சட்டகம் இல்லாமல் யாராலும் எழுத முடியாது. சிக்கல் என்னவென்றால், ஜப்பானுக்கு என்று வெளிநாட்டு ஊடகங்கள் வைத்திருப்பவை மூன்று நான்குதான். "விசித்திர ஜப்பான்" ஒன்று, "முன்மாதிரி ஜப்பான்" இன்னொன்று. இளைஞர் இல்லாமல் "தேய்ந்து மறையும் ஜப்பான்" மூன்றாவது. ஒரு காலத்தில் "அச்சுறுத்தும் ஜப்பான்" மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டை இந்த நான்கு சட்டகங்களுக்குள் மாற்றி மாற்றிச் செருகுகிறார்கள்.

மேலே சொன்ன ரயில் நிலையம் முன்மாதிரிச் சட்டகத்துக்குள் வந்தது. அதனால்தான் கால அட்டவணை வெளியே விழுந்தது. ஜப்பானைப் புகழும் செய்தியில் தீங்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புகழ்ச்சியும் கேலியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நம்மைப் போல் வாடகை, சம்பளம், சலிப்பு, சண்டை என்று வாழும் மனிதர்களை, வேறு கிரகத்தவர் ஆக்கிவிடுகின்றன.

சுருக்கமாக இதுவரை: தகவல் உண்மையாக இருந்தும் படம் தவறாகலாம். எந்தச் சட்டகத்தில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நாடு ஒன்று, சட்டகம் பல

சட்டகம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு 1980களைவிடச் சிறந்த பாடம் இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1979இல் ஐரோப்பிய சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) உள் ஆவணம் ஒன்று வெளியே கசிந்தது. ஜப்பானியர்கள் வேலைப் பைத்தியங்கள், முயல் கூண்டைவிடச் சற்றே பெரிய வீடுகளில் வாழ்கிறார்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். ஜப்பானியப் பொருள்கள் ஐரோப்பியச் சந்தையை நிரப்பிக்கொண்டிருந்த நேரம் அது. "முயல் கூண்டு" என்ற சொல் ஜப்பானில் எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது, தங்கள் வீடுகளைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த பத்தாண்டில் அமெரிக்கச் செய்தித் தாள்களிலும் பத்திரிகைகளிலும் ஜப்பான் ஒரு படையெடுப்பாகவே வரையப்பட்டது. 1987 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், கேப்பிட்டல் கட்டடத்துக்கு முன்னால் தோஷிபா வானொலிப் பெட்டி ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தோஷிபாவின் துணை நிறுவனம் சோவியத் யூனியனுக்குத் தடை செய்யப்பட்ட இயந்திரங்களை விற்றது அதற்கு உடனடிக் காரணம். ஆனால் அந்தப் படத்தில் பொங்கிய கோபம் ஓர் இயந்திர விற்பனையோடு நிற்கக்கூடியது அல்ல. 1989இல் சோனி கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. மிட்சுபிஷி எஸ்டேட், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்காவையே விலைக்கு வாங்குகிறார்கள் என்ற அலறல் எழுந்தது.

இந்தச் சட்டகம் தாளோடு நிற்கவில்லை. கார் ஆலைகள் ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த டெட்ராய்ட் வட்டாரத்தில், 1982இல், வின்சென்ட் சின் என்ற இளைஞரைக் கார்த் தொழிலோடு தொடர்புடைய இருவர் அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியர்கூட இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கர்.

இனி மறுபக்கம். 1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதற்குப் பிறகு சரிந்தது, பழைய உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. சரிவோடு செய்திகளும் தலைகீழாகின. ஆயுட்கால வேலை, நிறுவனங்களுக்கு இடையே நெருங்கிய பிணைப்பு, தொழில்துறையை வழிநடத்தும் அரசு அமைச்சகம் இவைதான் ஜப்பானின் வெற்றி ரகசியம் என்று 1980களில் எழுதினார்கள். 1990களில் தோல்விக்குக் காரணம் கேட்டபோது அதே ஆயுட்கால வேலை, அதே பிணைப்பு, அதே அமைச்சகம் என்று எழுதினார்கள். ஒரே பண்பு வெற்றிக்கும் விளக்கம், தோல்விக்கும் விளக்கம் என்றால் அது எதையுமே விளக்கவில்லை. முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பின்னால் தேடியிருக்கிறார்கள்.

செய்தி எத்தனை கை மாறுகிறது

சட்டகம் யாரோ ஓர் அறையில் கூடிச் செய்யும் சதி அல்ல. செய்தி தயாராகும் முறையிலேயே அது பிறக்கிறது.

டோக்கியோவில் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் அவருடைய ஆசிரியரிடம் ஜப்பானுக்கு ஒரு நாளில் இருக்கும் இடம் மிகக் குறைவு. சுகாதாரக் காப்பீட்டுக் கட்டண மாற்றத்தைப் பற்றி எழுத முன்வந்தால் அந்த இடம் கிடைக்காது. பூனைகள் நிறைந்த தீவைப் பற்றி எழுதினால் கிடைக்கும். சில ஆண்டுகளில் செய்தியாளரே எதை முன்வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடுவார். அதற்குமேல், பல நிறுவனங்கள் டோக்கியோ அலுவலகத்தைச் சுருக்கி, ஆசியாவுக்கான ஆட்களைச் சீனாவுக்கு மாற்றிவிட்டன. மொழி தெரிந்து, பல ஆண்டு தங்கி எழுதுபவர்கள் குறைந்தார்கள். அந்த வெற்றிடத்தை, ஜப்பானியச் சமூக ஊடகத்தில் கிடைப்பதை ஆங்கிலத்தில் சொல்லும் தளங்கள் நிரப்பின.

2013இல் நடந்ததைப் பாருங்கள். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் அன்பைக் காட்ட ஒருவர் கண்விழியை ஒருவர் நக்குகிறார்கள், அதனால் கண்நோய் பரவுகிறது என்று ஒரு செய்தி வந்தது. ஜப்பானிய மொழியில் ஒரு பரபரப்புத் தளத்தில் முளைத்த குறிப்பு அது. ஆங்கில வலைப்பதிவுகள் அதை எடுத்தன, அவற்றை மேற்கோள் காட்டி பிரிட்டிஷ், அமெரிக்கச் செய்தித் தளங்கள் எழுதின. பிறகு ஒன்றை ஒன்று ஆதாரமாகக் காட்டத் தொடங்கின. டோக்கியோவில் நெடுநாள் பணியாற்றிய செய்தியாளர் ஒருவர் கண் மருத்துவர் அமைப்புகளிடம் நேரடியாக விசாரித்தார். யாருக்கும் அப்படி ஒரு நோயாளியைத் தெரியவில்லை. தி கார்டியன் தன் கட்டுரையை விலக்கிக்கொண்டது.

பத்துத் தளங்களில் வந்தால் பத்து ஆதாரம் என்று நமக்குத் தோன்றுகிறது. எல்லாக் குழாயும் ஒரே தொட்டியில் இருந்து வந்தால், பத்துக் குழாயிலும் ஒரே தண்ணீர்தான்.

அவசர நேரத்தில் இந்தக் கோளாறு பெருகும். 2011 மார்ச் நிலநடுக்கத்தையும் ஃபுகுஷிமா விபத்தையும் ஒட்டி, ஃபாக்ஸ் நியூஸ் காட்டிய அணு உலை வரைபடத்தில் "ஷிபுயா எக்மேன்" என்று ஓர் உலை இருந்தது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் அந்தப் பெயரில் இருப்பது இசை நிகழ்ச்சி அரங்கம்! இந்தத் தவறைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. சுனாமியில் ஏறக்குறைய பதினாறாயிரம் பேர் இறந்தார்கள், இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் காணாமல் போனார்கள். அணு உலைப் புகை திரையை நிறைத்த சில நாட்களிலேயே, இந்தக் குடும்பங்கள் வெளிநாட்டுச் செய்திகளின் ஓரத்துக்குப் போய்விட்டன.

வெளிநாட்டு ஊடகங்கள் ஜப்பானைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் ஊடகம் பேசாததை வெளியார் பேசிய முக்கியமான தருணங்கள் உண்டு. ஜப்பானிய அமைச்சகங்களிலும் காவல்துறையிலும் "கிஷா கிளப்" என்ற செய்தியாளர் மன்றங்கள் இருக்கின்றன. அலுவலகத்துக்குள்ளேயே அறை, அதிகாரிகளோடு அன்றாட நெருக்கம். இந்த நெருக்கம் செய்தியைத் தரும், சில நேரம் வாயையும் கட்டும். பொழுதுபோக்குத் துறையில் வேறொரு வகை நெருக்கம். புகழ்பெற்ற இசை முகவர் ஜானி கிடகாவா சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதை ஜப்பானிய வார இதழ் ஒன்று 1999இலேயே எழுதியது. பெரிய தொலைக்காட்சிகள் கண்டுகொள்ளவில்லை, அவருடைய பாடகர்கள் இல்லாமல் நிகழ்ச்சி நடத்த முடியாது. 2023 மார்ச்சில் பிபிசி ஆவணப்படம் வந்த பிறகுதான் பாதிக்கப்பட்டவர்களின் குரல் நாடெங்கும் கேட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் தொடங்கிய நிறுவனம் அவருடைய குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஜன்னலில் இருந்து பார்ப்பவருக்குச் சில சமயம் வீட்டுக்காரர் மறைத்த கொல்லைப்புறம் தெரியத்தான் செய்கிறது.

இந்தப் பகுதியில் பார்த்தது: இடம் குறைவு, ஆள் குறைவு, ஒன்றை ஒன்று பார்த்து எழுதும் பழக்கம். இந்த மூன்றும் சேர்ந்து, புதிதாக எதையும் தேடாமல் பழைய சட்டகத்தையே எடுக்க வைக்கின்றன.

பகுதி எண் எங்கே போனது

பள்ளிக் கணக்கில் பின்னத்துக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. "நூற்றுக்கு இத்தனை" என்றால் எந்த நூறு என்று சொல்வது பகுதி எண். ஜப்பானைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி காணாமல் போவது இதுதான்.

2013இல் "ஜப்பானிய இளைஞர்கள் காதலையும் உறவையும் கைவிட்டார்கள்" என்ற பொருளில் கட்டுரைகள் கொட்டின. ஆண்களில் 61 சதவீதம், பெண்களில் 49 சதவீதம் பேருக்குத் துணையே இல்லை என்பது அவற்றின் ஆதாரம். எண் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்து வந்தது, சரியான எண்தான். ஆனால் அது 18 முதல் 34 வயதுக்கு உட்பட்ட, திருமணம் ஆகாதவர்களிடம் மட்டும் கேட்டது. மணமானவர்களை முதலிலேயே கழித்துவிட்டால், மீதமிருப்பவர்களில் துணையில்லாதவர்கள் அதிகமாக இருப்பதில் வியப்பு என்ன? அதே கணக்கெடுப்பில் அதே இளைஞர்களில் ஆண்களில் 86 சதவீதம், பெண்களில் 89 சதவீதம் பேர் என்றாவது திருமணம் செய்துகொள்வோம் என்று பதில் சொல்லியிருந்தார்கள். அந்த எண் தலைப்புக்கு வரவில்லை.

பிறப்பு குறைகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள விகிதம் என்பார்கள். 2023இல் ஜப்பானில் அது 1.20. அதே ஆண்டு இத்தாலியிலும் ஏறக்குறைய அதேதான். ஸ்பெயினில் அதைவிடக் குறைவு, தென் கொரியாவில் 0.72. இத்தாலி என்றால் வேலையின்மை, வாடகை, குழந்தைக் காப்பகம் என்று எழுதுகிறார்கள். ஜப்பான் என்றால் பொம்மைக் காதலியும் ரோபோவும் வந்துவிடுகின்றன. ஜப்பானில் நிரந்தரமற்ற வேலையில் இருப்பவர்கள் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். திருமணத்துக்கு வெளியே குழந்தை பெறுவது அங்கே மிக அரிது, ஆகவே திருமணம் தள்ளிப்போனால் பிறப்பும் குறைகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்த விசித்திரமும் தேவையில்லை.

பகுதி எண் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். ஜப்பானிய ஊழியரின் ஆண்டு வேலை நேரம் சராசரியாக 1,600 மணி, அமெரிக்கருக்கு 1,800 மணி, ஆகவே ஜப்பானியர் அதிகம் உழைப்பது வெறும் கட்டுக்கதை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சராசரியில் பகுதிநேர ஊழியர்கள் பெருமளவு கலந்திருக்கிறார்கள். முழுநேர ஊழியரின் கதை வேறு. அளவுக்கு மீறிய வேலையால் நேரும் சாவுக்கு ஜப்பானிய மொழியில் "கரோஷி" என்று ஒரு சொல்லே இருக்கிறது, 2019இல் மிகைநேர வேலைக்குச் சட்டப்படி உச்சவரம்பு வந்ததும் அதனால்தான்.

ஜப்பானே அனுப்பிய சரக்கு

பழியை முழுவதும் வெளியார் மேல் போடுவது நியாயம் ஆகாது. மைனிச்சி என்ற பெரிய ஜப்பானிய நாளிதழின் ஆங்கிலத் தளத்தில் "வாய்வாய்" என்று ஒரு பத்தி இருந்தது. மலிவு வார இதழ்களில் வரும் பாலியல் வம்புகளைச் சரிபார்க்காமலே ஆங்கிலத்தில் தரும் பத்தி. வெளிநாட்டு வாசகர் பலர் அதை ஜப்பானியச் செய்தி என்றே நம்பினார்கள். ஜப்பானிய வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகு 2008இல் அதை மூடி, மன்னிப்புக் கேட்டு, விசாரணை விவரத்தையும் வெளியிட்டது நாளிதழ்.

இன்னொன்று இன்னும் கசப்பானது. உறவினராக நடிக்க ஆள் அனுப்பும் ஜப்பானிய நிறுவனங்களைப் பற்றி 2018இல் தி நியூயார்க்கர் நீண்ட கட்டுரை வெளியிட்டது, அதற்குப் பெரிய விருதும் கிடைத்தது. பின்னர், பேட்டி கொடுத்த சிலர் தங்களைப் பற்றிச் சொன்னவை பொய் என்று தெரியவந்தது. 2021இல் விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். தகவல் சரிபார்ப்புக்குப் பேர்போன இதழ் அது. "ஜப்பானில் இப்படியும் நடக்கும்" என்ற நம்பிக்கை முன்பே இருந்ததால், பொய் இயல்பாகப் பொருந்திவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

ஜப்பானியர் ஏன் தனித்தன்மை வாய்ந்தவர்கள் என்று ஜப்பானியரே எழுதிக் குவித்த நூல் வகை ஒன்றும் உண்டு. "நிஹோன்ஜின்ரோன்" என்பார்கள், ஜப்பானியரைப் பற்றிய வாதம் என்று பொருள். வெளிநாட்டுச் செய்தியாளர் "பொறுமை", "ஒற்றுமை" என்று அங்கிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்தால் கட்டுரைக்கு ஆழம் வந்துவிட்டதாகத் தோன்றும்.

"அது அவர்கள் பண்பாடு"

எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை இது. ஒரு செய்தி எதையாவது "ஜப்பானியப் பண்பாடு" என்று விளக்கினால், பண்பாடு என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறு காரணம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

2024 ஜனவரி 2 மாலை, டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, நோட்டோ நிலநடுக்கப் பகுதிக்கு நிவாரணம் கொண்டுபோகவிருந்த கடலோரக் காவல்படை விமானத்தோடு ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பெட்டிகளை எடுக்காமல் வெளியேறியதைக் குறிப்பிட்டு, ஜப்பானியரின் ஒழுக்கமும் கீழ்ப்படிதலும் காப்பாற்றின என்று பல வெளிநாட்டுச் செய்திகள் எழுதின. அதே விமானத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் இருந்தார்கள், அவர்களும் அப்படியேதான் வெளியேறினார்கள்.

பண்பாட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் வேறு காரணங்கள் வரிசையாக வருகின்றன. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடியில் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் இத்தகைய விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அன்று எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை, ஊழியர்கள் கை ஒலிபெருக்கியிலும் வெறும் குரலிலும் கத்தினார்கள். எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதைத் தீயைப் பார்த்து முடிவு செய்தார்கள். எல்லாரும் வெளியேற ஏறக்குறைய 18 நிமிடம் ஆனது.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1985 ஆகஸ்ட் 12 அன்று இதே நிறுவனத்தின் விமானம் குன்மா மாகாணத்தில் ஒரு மலையில் விழுந்தது. 520 பேர் இறந்தார்கள், நால்வர் மட்டும் பிழைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன், விமானத்துக்குள் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்புறச் சுவரில் செய்த பழுதுபார்ப்பு சரியில்லாததால் நேர்ந்த விபத்து. அந்த விமானத்தின் சிதைந்த பாகங்களை நிறுவனம் அப்புறப்படுத்திவிடவில்லை. 2006இல் ஹனேதா அருகே ஒரு பாதுகாப்பு மையம் திறந்து, உடைந்த அந்தச் சுவரையும், நசுங்கிய இருக்கைகளையும், விழும் விமானத்தில் பயணிகள் தங்கள் வீட்டாருக்குக் கிறுக்கிய கடைசி வரிகளையும் அங்கே வைத்திருக்கிறது. நிறுவனத்தின் ஊழியர்கள் பயிற்சியின்போது அங்கே போய் அவற்றின் முன்னால் நிற்கிறார்கள்.